பேட்டைக்கு ஒரு காலண்டர்

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் புதுத் திட்டம் ஒன்றைத் திறந்தால் அதற்குள் ஒரு காலண்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். பெயர் 'ஸ்டாண்டர்ட்'. திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. காலை 8 முதல் 12, பிறகு 1 முதல் 5. சனி, ஞாயிறு லீவு. அவ்வளவுதான். தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது, கிறிஸ்துமஸ்கூடக் கிடையாது. நாமாகப் போட்டால்தான் உண்டு. போடாமல் விட்டால், பொங்கலன்று காலையில் கரும்புக்கும் பனங்கிழங்குக்கும் நடுவே டெஸ்டிங்கை ஆரம்பித்துவைத்து, திட்டம் முடியும் தேதியையும் கூசாமல் சொல்லிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2000-களின் தொடக்கத்தில், சென்னையில் எங்கள் மேலாளரின் இருக்கைக்குப் பின்னால் சுவர் நெடுக ஒரு கேன்ட் சார்ட் ஒட்டியிருக்கும். ஏ-3 தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்து செல்லோடேப் போட்டது. ஹென்றி கேன்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1910-களில் தொழிற்சாலைகளில் பரப்பிய பட்டைப் படம்தான் அது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நீலப் பட்டை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவருடைய பட்டை நீளும். அதற்கு அப்புறம் இருக்கிற அத்தனை பட்டைகளும் வலப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுத் தாள் வரும். பழையதைக் கிழிக்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே ஒட்டுவோம். திட்டம் முடிகிற சமயத்தில் சுவரில் அட்டை கனத்துக்குத் தாள் ஏறியிருந்தது. உரித்துப் பார்த்திருந்தால் முடிவுத் தேதி மாதம் மாதமாகப் பின்வாங்கிய கதை முழுக்கத் தெரிந்திருக்கும். யாரும் உரிக்கவில்லை.

அப்புறம் ஸ்பிரிண்ட் வந்தது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டு என்ற பனிமலை விடுதியில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அவர்களில் கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லேண்ட் என்ற இருவர் அதற்கு முன்பே ஸ்கிரம் என்ற முறையை வகுத்திருந்தார்கள். வேலையை ஒரு மாதத்துக்கு மேற்படாத துண்டுகளாக வெட்டிக்கொள். அந்தத் துண்டுதான் ஸ்பிரிண்ட். துண்டின் நீளத்தை மட்டும் மாற்றாதே. நடைமுறையில் பெரும்பாலான ஊர்களில் அது இரண்டு வாரம் என்று ஆயிற்று. கேன்ட் சார்ட்டில் வேலை நிற்கும், தேதி நகரும். ஸ்பிரிண்டில் தேதி நிற்கும், வேலை நகரும். இந்த ஒரு வித்தியாசத்தை மேலிடத்துக்குப் புரியவைப்பதிலேயே என் தலைமுறை டீம் லீடுகளின் பாதி முடி கொட்டியது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பேட்டைக்கு வந்தேன். வந்தவன் திரும்பிப் போகவில்லை. திருநெல்வேலி டவுனுக்கு மேற்கே இருக்கிறது எங்கள் ஊர். இந்துக் கல்லூரி, அரசு ஐ.டி.ஐ., சிட்கோ தொழிற்பேட்டை, மூடிப்போன கூட்டுறவு நூற்பாலை, பள்ளிவாசல்கள், பீடி சுற்றும் வீடுகள் என்று கலந்துகட்டிய ஊர். என்னைப் போல இன்னும் சிலர் தெற்கேயே தங்கிவிட்டதால், எங்கள் கம்பெனி பேட்டையில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து மேசை நாற்காலி போட்டுத் தந்தது. கிராமத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலையா என்று இங்கே யாரும் வாயைப் பிளப்பதில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் 2011-லிருந்து நடக்கிறது. ஸ்பிரிண்டுக்கென்றே 'ஸோஹோ ஸ்பிரிண்ட்ஸ்' என்ற மென்பொருளும் 2017-ல் அந்தக் கம்பெனியிலிருந்து வந்துவிட்டது. நாங்கள் பயன்படுத்தியது மைக்ரோசாஃப்டின் அஸூர் டெவ்ஆப்ஸ். ஜெர்மனியில் இருந்த கிளையண்ட் அதைத்தான் கேட்டார்.

மாடி கிடைப்பதற்கு முன்பு வீட்டிலிருந்தே வேலை. அம்மா சுளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். நான் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து மீட்டிங் பேசுவேன். பல நாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்:

"அது என்னல, வாயத் தொறந்தா ரெண்டு வாரம் ரெண்டு வாரம்னு சொல்லுத?"

"வேலைய ரெண்டு ரெண்டு வாரமா வெட்டி வச்சிக்கிடுவோம்மா. அதுக்குள்ள முடிச்சுக் குடுக்கணும்."

"முடியலன்னா?"

"அடுத்த ரெண்டு வாரத்துக்குப் போவும்."

"பெறவு என்னத்துக்கு ரெண்டு வாரம்?"

சான்றிதழ் கொடுக்கிற பயிற்சி வகுப்புகளில் அரை நாள் எடுத்துக்கொண்டு சமாளிக்கிற கேள்வி அது. பீடிக் கம்பெனியில் எடை போட்டு இலை கொடுப்பார்கள். அந்த எடைக்கு இத்தனை பீடி வந்தாக வேண்டும், குறைந்தால் கணக்கு. அடுத்த வாரத்துக்குத் தள்ளுகிற சமாசாரமே அவளுக்குக் கிடையாது. நான் ஏதோ சொல்லி வைத்தேன். அவள் காதில் வாங்காமல் அடுத்த இலையை எடுத்துக் கத்தரித்தாள்.

ஸ்பிரிண்டுக்கு அஸூர் டெவ்ஆப்ஸ் வைத்த பெயர் ஐட்டரேஷன். அதை அமைப்பது வெளியிலிருந்து பார்த்தால் குமாஸ்தா வேலை. அஸூர் டெவ்ஆப்ஸில் திட்ட அமைப்புகளுக்குள் போனால் ஒரு மரம் இருக்கும். வேரில் திட்டத்தின் பெயர், கிளையில் ரிலீஸ், கிளைக்குக் கீழே ஸ்பிரிண்ட் 1, ஸ்பிரிண்ட் 2 என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி. ஒரு வருஷத்துக்கானதை ஒரே மூச்சில் போட்டுவிடலாம். ஆனால் அது பஞ்சாங்கத்தின் மேலட்டைதான். உள்பக்கம் 'கெப்பாசிட்டி' என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே டீமில் உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, நாளுக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்த நாள் லீவு என்று கேட்கும். அதோடு, டீம் முழுவதற்குமான லீவு நாள். இந்த மூன்றையும் நிரப்பினால்தான், ஸ்பிரிண்டில் வேலையைப் போடப் போட வலப்பக்கத்தில் ஒரு பட்டை பச்சையாக வளரும். அளவு மீறினால் சிவக்கும். நிரப்பாவிட்டால் அது வெறும் காலண்டர்.

நாளுக்கு எத்தனை மணி நேரம் என்ற கட்டத்தில் 8 என்று போடச் சொல்லாத மேலாளரை நான் பார்த்ததில்லை. நான் 6 போடுவேன். மீட்டிங், மெயில், டீ, பக்கத்து மேசைக்காரருக்கு உதவி எல்லாம் போக ஆறு மணி நேரம் வேலை நடந்தால் அது நல்ல நாள். வேலையை அடுக்குவதற்கு முன்னால் லீவை அடுக்கிவிட வேண்டும் என்பதும் என் கட்சி. லீவு கேட்கத் தயங்குகிறவர்கள் நம் ஊரில் அதிகம்; கடைசி நேரத்தில் பாட்டி செத்துப்போவது அதனால்தான். ஸ்பிரிண்ட் தொடங்குமுன்பே கட்டத்தைக் காட்டி "எந்த நாள் வரமாட்டே?" என்று சாதாரணமாகக் கேட்டால், கல்யாண வீடு, காதுகுத்து, மாமியார் ஊர்க் கொடை எல்லாம் தானாக வெளியே வரும்.

சென்னையும் பேட்டையும் ஒரே டீமாக இருந்தவரை அந்தக் கட்டங்கள் எனக்குப் பெரிய தலைவலி. "ஒரே மாநிலம், ஒரே அரசாங்க லீவு, அப்புறம் என்ன?" என்பது சென்னையில் இருந்த திட்ட மேலாளரின் கேள்வி. ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டத்தன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. சென்னைக்கு அது சாதாரண வேலை நாள். பேட்டைக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் டவுன் இருக்கிறது, டவுனில் ரதவீதிகள் இருக்கின்றன, ரதவீதியில் ஏறக்குறைய 450 டன் எடையுள்ள தேரை ஜனங்கள் கையால் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பஸ் எல்லாம் சுற்றிப் போகும். பாளையங்கோட்டையிலிருந்து வருகிறவர் சாமி கும்பிடாதவராகவே இருந்தாலும் எங்கள் மாடிக்கு வந்துசேர முடியாது.

அடுத்தது மின்தடை. மாதத்துக்கு ஒரு நாள் பழையபேட்டை துணை மின்நிலையத்தில் பராமரிப்பு வேலை நடக்கும். முந்தின நாளே பேப்பரில் ஊர்ப் பெயர்களோடு வந்துவிடும். எங்கள் யு.பி.எஸ். இரண்டு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் மூச்சு விடாது. இதை எப்படிக் காலண்டரில் போடுவது? லீவு கட்டம் முழு நாளைத்தான் வாங்கிக்கொள்ளும். அரை நாளை நான் வேறு வழியில் நுழைத்தேன். இரண்டு வாரத்தில் வேலை நாள் பத்து. அதில் மூன்று மணி நேரம் போனால் நாளுக்குப் பதினெட்டு நிமிஷம். எனவே 6 என்று இருந்த இடத்தில் 5.7. சென்னையில் இதைப் பார்த்தவர்கள் ஏதோ நுட்பமான கணக்கியல் என்று நினைத்துக்கொண்டார்கள். கரண்ட் இருக்காது என்பதைத்தான் தசமப் புள்ளி போட்டுச் சொல்லியிருந்தேன்.

எல்லாவற்றையும்விட யோசிக்க வைத்தது வெள்ளிக்கிழமை. எங்கள் ஸ்பிரிண்ட் திங்களன்று தொடங்கி அடுத்த வார வெள்ளியன்று முடியும். முடிகிற அன்று கிளையண்டுக்கு டெமோ, அவர்கள் நேரம் காலை ஒன்பது மணிக்கு. கோடைக்காலத்தில் ஜெர்மனியின் ஒன்பது மணி என்பது இங்கே பகல் பன்னிரண்டரை. பேட்டையில் வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு என்ன என்று பேட்டைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் டீமில் பாதிப் பேர் ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவர்கள்.

2023 ஏப்ரலில் இது முற்றியது. 10-ஆம் தேதி தொடங்கிய ஸ்பிரிண்ட் 21-ஆம் தேதி வெள்ளியன்று முடிய வேண்டும். ரம்ஜான் நோன்பின் கடைசி நாட்கள். நோன்பு தொடங்குமுன் பார்த்தபோது, பெருநாள் வெள்ளியா சனியா என்பது பிறையைப் பொறுத்ததாக இருந்தது. டெமோ உண்டா இல்லையா என்பதைப் பிறை பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்று அப்போதே கிளையண்டுக்கு மெயில் எழுதினேன். அந்தப் பக்கத்துப் பெண்மணி, "உங்கள் திட்ட அட்டவணை நிலாவை நம்பியா இருக்கிறது?" என்று கேட்டு ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தார். ஈஸ்டர் தேதியும் பௌர்ணமியை வைத்துத்தான் வருகிறது என்று பதில் எழுதினேன். கடைசியில் வெள்ளி பெருநாள் இல்லை என்று ஆயிற்று. பெருநாள் சனிக்கிழமை. அப்படியென்றால் வெள்ளி டெமோ உண்டு. ஆனால் அந்த வெள்ளிதான் நோன்பின் கடைசி ஜும்ஆ! மூன்று ஸ்பிரிண்டாக அந்த பேமென்ட் பகுதியைக் கட்டிய தம்பி பள்ளிவாசலில் இருந்தான். அவன் எழுதியதை வேறொருவர் திக்கித் திணறிக் காட்டினார்.

மறு வாரமே டெமோவை வியாழனுக்கு மாற்றினோம். ஸ்பிரிண்ட் வெள்ளியோடு முடிந்தால் டெமோவும் வெள்ளியன்றுதான் நடக்க வேண்டும் என்று எந்த வழிகாட்டியிலும் எழுதவில்லை. பேட்டையைத் தனி டீமாகப் பிரிக்கவும் மேலாளர் அப்போது ஒத்துக்கொண்டார். இந்த ஏற்பாடு முன்பிருந்தே மென்பொருளில் இருக்கிறது: ஐட்டரேஷன் தேதிகள் திட்டம் முழுமைக்கும் பொது, டீம்கள் அந்தத் தேதிகளை எடுத்துக்கொண்டு, லீவு நாட்களை அவரவர் கணக்கில் எழுதலாம். ஒரே தாளம், இரண்டு காலண்டர். முன்பு எனக்குத் தனித்தனியாக ஒவ்வொருவர் பெயரிலும் தேரோட்ட லீவு போட வேண்டியிருந்தது; இப்போது பேட்டை டீம் என்ற ஓரிடத்தில் போட்டால் போதும்.

பிரித்ததன் பலன் அதே வருஷக் கடைசியில் தெரிந்தது, யாரும் எதிர்பாராத விதத்தில்.

டிசம்பர் 4, திங்கள். புது ஸ்பிரிண்டின் முதல் நாள். மிக்ஜாம் புயல் சென்னைக்கு வெளியே கடலில் நின்றுகொண்டு கொட்டித் தீர்த்த நாளும் அதுதான். பத்து மணிப் பிளானிங் மீட்டிங்கில் பேட்டைக்காரர்கள் மட்டும் இருந்தோம். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் இருந்த எங்கள் ஆட்களுக்குக் கரண்ட் இல்லை, போன் இல்லை, சிலருக்குத் தரைத்தளமே இல்லை. சென்னை டீமின் கெப்பாசிட்டியில் 4, 5, 6 தேதிகளுக்கு லீவு போட்டேன். உடனே அவர்கள் பட்டை சிவந்தது. அவசரமானவற்றை எங்கள் பக்கம் எடுத்துக்கொண்டு, தாங்கக்கூடியவற்றை அடுத்த ஸ்பிரிண்டுக்கு நகர்த்தினோம். அடுத்த ஸ்பிரிண்ட் என்றால் 18-ஆம் தேதி. கிளையண்ட் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்புவதற்கு முன்னால், 22-க்குள், ரிலீஸ் கொடுத்தாக வேண்டும். அடுத்த ஸ்பிரிண்டில் சென்னைக்காரர்கள் தெம்பாக வந்துவிடுவார்கள், சேர்ந்து முடித்துவிடலாம் என்பது கணக்கு.

17-ஆம் தேதி ஞாயிறு காலையில் எங்களுக்கு மழை பிடித்தது. வடகிழக்குப் பருவமழை எங்களுக்குப் புதிதில்லை; ஆனால் அது விட்டுவிட்டுப் பெய்யும். அன்றைக்கு விடவேயில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பிற்பாடு படித்தோம். ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டியது. அணைகள் நிரம்பித் திறந்துவிட, தாமிரபரணி கரையை மறந்தது. ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீர். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஏறத்தாழ 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஞாயிறு ராத்திரியே எங்கள் தெருவில் கரண்ட் போனது. போன் ஒரு கோடு காட்டும், அப்புறம் அதுவும் அணையும்.

18-ஆம் தேதி, திங்கள், புது ஸ்பிரிண்டின் முதல் நாள், காலை பத்து மணிக்கு நான் எங்கள் மாடிப்படியில் நின்று, எதிர்வீட்டு அண்ணாச்சி தன் மோட்டார் சைக்கிளைத் திண்ணைமேல் ஏற்ற ஒரு கை கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஆபீஸ் லீவா?" என்றார். "லீவு போடணும்னாகூட கரண்ட் வேணுமே அண்ணாச்சி" என்றேன். டீமில் யார் யார் எந்த நிலைமையில் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. வண்ணார்பேட்டையில் கீழ்வீட்டில் குடியிருந்த, டெஸ்டிங் பார்க்கும் தங்கச்சியைப் பற்றித்தான் கவலை. மறுநாள் மத்தியானம்தான் அவள் தகவல் வந்தது. குடும்பத்தோடு மேல்வீட்டில் இருந்தாள். லேப்டாப்பை அரிசி டின்னுக்குள் வைத்து மேலே தூக்கிவிட்டதாகச் சொன்னாள். அரிசியை என்ன செய்தாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

கரண்டும் நெட்டும் சேர்ந்து திரும்பியதும் முதல் வேலையாக அஸூர் டெவ்ஆப்ஸைத் திறந்தேன். பேட்டை டீமின் பெயரில் 18, 19, 20 தேதிகளுக்கு லீவு ஏற்கெனவே போட்டிருந்தது. எங்கள் வேலைக் கார்டுகளில் பாதி சென்னை டீமிடம் போயிருந்தன. மீதி ஜனவரி ஸ்பிரிண்டில் கிடந்தன. பட்டை பச்சை. ஒவ்வொரு கார்டுக்கும் பின்னால் 'ஹிஸ்டரி' என்று ஒன்று உண்டு. யார், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார்கள் என்று எழுதிவைத்துக்கொள்ளும். திறந்து பார்த்தேன். திங்கள் ராத்திரி பதினொன்றரைக்கு மேல் வரிசையாக, ஒவ்வொன்றாக, ஒரே ஆள் மாற்றியிருந்தார். சென்னை டீமின் பள்ளிக்கரணைக்காரர். பதினைந்து நாள் முன்னால் அவருடைய கார்டுகளை நான் நகர்த்தியபோது அவர் பக்கத்து அபார்ட்மெண்டின் மொட்டை மாடியில் இருந்தார். எனக்கு ஒரு போன்கூடப் போடவில்லை, போட்டிருந்தாலும் எடுத்திருக்காது. ஒரே ஒரு கார்டில் மட்டும் குறிப்பு இருந்தது: "தண்ணி வடிஞ்சதும் பாத்துக்கலாம்."

ரிலீஸ் 22-ஆம் தேதி போனது, பாதி அம்சங்களோடு. மீதியைப் பற்றிக் கிளையண்டிடமிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. அவர்கள் ஊரில் எல்லாரும் கிறிஸ்துமஸுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். அந்தக் கடைசி வாரம் முழுக்க, மீதி வேலையைக் காட்டும் பர்ன்டவுன் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

2024-க்கான ஸ்பிரிண்டுகளைப் போட உட்கார்ந்தபோது பள்ளிக்கரணைக்காரரும் போனில் இருந்தார். இரண்டு வாரத் தாளத்தை அப்படியே நீட்டினால் ஜனவரி 1 அன்று ஒரு ஸ்பிரிண்ட் தொடங்குகிறது. அடுத்தது ஜனவரி 15, சரியாகப் பொங்கலன்று. "ஒரு வாரம் தள்ளிடலாமா?" என்றார். தள்ளினால் வருஷம் முழுக்கத் தள்ளும். தேதியை அப்படியே விட்டு, இரண்டு டீமிலும் 15, 16, 17 லீவு போட்டோம். பிளானிங் மீட்டிங் வியாழக்கிழமை. ஏப்ரல் 11 ரம்ஜான் என்று பென்சிலில் எழுதுவதுபோல் எழுதினேன். அந்த முறை பிறை ஒத்துழைத்தது. மார்ச் 16 அன்று தேர்தல் தேதி அறிவித்தார்கள்: தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, அதே ஸ்பிரிண்டின் கடைசி வெள்ளி. ஓட்டுப்போடச் சென்னை பாதி காலியாகும். வியாழன் மத்தியானமே கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் கூட்டம் மொய்க்கும். டெமோவைப் புதனுக்குக் கொண்டுபோனோம். ஜெர்மனிக்காரப் பெண்மணி இந்தத் தடவை காரணம் கேட்கவில்லை. அவரே ஒரு எக்செல் தாளில் எங்கள் விசேஷ நாட்களைத் தனியாகச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். அதில் ஆனித் தேரோட்டமும் இருந்தது.

ஜூன் 21, வெள்ளி. பேட்டை டீமுக்கு மட்டும் லீவு. அந்த வருஷத் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடம் ஒரு தரமல்ல, பல தரம் அறுந்தது; டி.வி.யில் எல்லாம் அதே செய்தி. மத்தியானம் பள்ளிக்கரணைக்காரர் எங்கள் குரூப்பில் கேட்டார்: "தேர் எங்க நிக்குது? ஒரு கார்டு சம்பந்தமா உங்க டெஸ்டிங் பொண்ணுகிட்ட ஒரு கேள்வி இருக்கு, அவசரமில்ல."

ரதவீதியில் கூட்டத்துக்குள் நின்றிருந்த அவளே பதில் போட்டாள்: "வடம் அந்துட்டு. வேற வடம் கட்டுதாவ. நிலைக்கு வர நேரமாவும் போல."

"அப்ப சனிக்கிழமையும் லீவு போடவா?"

"சனிக்கிழமை எப்பவும் லீவுதான சார்."

அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, கேள்வியைத் திங்கள்கிழமைக்கு மாற்றி வைத்தார்.